பதினொரு வயதில் ஏன் இந்த ஊசி?

பிரான்சில் உள்ள பொண்டியில் தாதியாக வேலை செய்கிறேன். எச்.பி.வி. தடுப்பூசி என்றாலே தமிழ்ப் பெற்றோர் தயங்குகிறார்கள். எப்படிச் சொல்வது?

"போடுவோமா?" என்று கேட்காதீர்கள், சகோதரி. "பிள்ளைக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுற வயது வந்திட்டுது" என்றே தொடங்குங்கள். சொல்பவர் இழுத்தால் கேட்பவரும் இழுப்பார்.

ஊர் நடப்பு இங்கே கைகொடுக்கும். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். பிரான்சில் 2023 முதல் கொலேஜில் (நடுநிலைப் பள்ளியில்), சங்கியெம் (இரண்டாம் ஆண்டு) வகுப்பு ஆண், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசம்.

"இந்தச் சின்ன வயதில் எதற்கு?" என்பதுதான் உள்ளே கிடக்கும் பயம். எச்.பி.வி. கிருமி தொற்றுமுன் போட்டால்தான் முழுப் பயன். 11–14 வயதில் 2 ஊசி போதும், 15 ஆகிவிட்டால் 3 என்று சொல்லுங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மட்டுமல்ல, தொண்டைப் புற்றுநோயும் இந்தக் கிருமியால் வரும். ஆகவே மகனுக்கும் வேண்டும்.

பள்ளியில் ஊசி போடுவதற்கான சம்மதப் படிவத்தில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும். பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள்.