பொறுப்புப் பதவியில் வெற்றிக் கணக்கு மட்டும் போதாது

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இது அடிக்கடி நடக்கும் சண்டை. தலைமைப் பயிற்சியாளர் எதிர்பாராமல் போய்விடுவார். உதவிப் பயிற்சியாளர் ஒருவரிடம் அணியைத் தற்காலிகமாக ஒப்படைப்பார்கள். அவர் ஜெயிக்கத் தொடங்கிவிட்டால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். "இவரையே போட்டுவிடுங்கள்" என்பார்கள் ஒரு தரப்பினர். "நாடு முழுக்கத் தேடுங்கள், பெரிய பெயராகக் கொண்டுவாருங்கள்" என்பார்கள் மறு தரப்பினர். இரண்டு பேரும் கையில் வைத்திருப்பது ஒரே கணக்கு: எத்தனை ஆட்டம் ஜெயித்தார்? தற்காலிகப் பொறுப்பில் இருப்பவரும் அந்தக் கணக்கையே நம்பி இருந்துவிட்டால் நட்டம் அவருக்குத்தான்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் பியர்ட் இடைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதமே நீக்கப்பட்டார். உதவியாளர் ரோட்னி டெரி அணியை ஏற்று, பிக் 12 கூட்டமைப்பின் கோப்பையை வென்று, தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை கொண்டுபோனார். தோற்று வெளியேறிய மறுநாளே பதவி நிரந்தரமானது. 2025 மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

என்ன நடந்தது? 2023 அணியில் மார்கஸ் கார், டிமி ஆலன், சர்ஜபாரி ரைஸ் என்று வேறு கல்லூரிகளில் ஆடிப் பழகி வந்த மூத்தவர்கள் இருந்தார்கள். தலைவர் போன அதிர்ச்சியில் அவர்களைச் சிதறாமல் வைத்திருந்தது டெரியின் திறமை; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதங்கள் சொன்னது அவ்வளவுதான்: நெருக்கடியில் இவர் நம்பத் தகுந்தவர். புதிய அணியை முதலிலிருந்து சேர்ப்பாரா, மூத்தவர்கள் போன பிறகு என்ன செய்வார் என்பதற்கு அதில் பதில் இல்லை. நிர்வாகம் ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து வேறொரு பாடத்துக்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டது.

பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால், அது மருத்துவமனையோ வங்கிக் கிளையோ விளையாட்டு அணியோ, முதல் நாளே இந்தப் பிரிவினையைச் செய்துகொள்ளுங்கள். முன்னவர் விட்டுச்சென்றது எது, நீங்கள் முடிவெடுத்துச் செய்தது எது? இரண்டாவது பட்டியல் காலியாக இருந்தால் எத்தனை வெற்றி வந்தாலும் அது முன்னவர் கணக்கில்தான் ஏறும்.

விஸ்கான்சினில் கிரெக் கார்ட் இதைச் சரியாகச் செய்தார். 2015 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் போ ரயன் நடு சீசனில் ஓய்வை அறிவித்தபோது அணியின் நிலை 7 வெற்றி, 5 தோல்வி. சுமாரான அணிதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயனுடன் இருந்த கார்ட், வந்தவுடன் எல்லாவற்றையும் கலைத்துப்போடவில்லை. அணிக்கு நன்றாகப் பழக்கமான 'ஸ்விங்' தாக்குதல் முறையைத் திரும்ப அழுத்திப் பிடித்தார். தொடக்கத்தில் தோல்விகள் வந்தன, மாற்றிக்கொள்ளவில்லை. நிர்வாகமும் அவசரப்படாமல் மார்ச் வரை பார்த்துவிட்டே நிரந்தரமாக்கியது. அந்த அணி தேசியப் போட்டியில் கடைசி பதினாறுக்குள் போனது. பிறகு 2020இலும் 2022இலும் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது.

பொறுப்பில் இருப்பவர்கள் பலர் வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குவதுபோல் தயங்குவார்கள். "நிரந்தரமானவர் வந்து முடிவு செய்யட்டும்" என்று கோப்பைத் தள்ளிவைப்பார்கள். இது பணிவாகத் தெரியலாம். மேலே இருப்பவர்கள் கண்ணில் அது திறமைக் குறைவு. ஒன்றிரண்டு முடிவுகளாவது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பத்து வேண்டாம்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. உதவிப் பயிற்சியாளர் என்பவர் வீரர்கள் மனம்விட்டுப் பேசும் ஆள். தலைமைப் பயிற்சியாளர் திட்டினால் இவரிடம்தான் வந்து புலம்புவார்கள். ஒரே இரவில் இவரே அவர்களை பெஞ்சில் உட்கார வைக்கும் ஆளாகிவிடுகிறார். பழைய நெருக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளப் பார்ப்பவர் ஒரு மாதத்தில் திணறுவார். திடீரென்று முறைப்பாக மாறுபவரை யாரும் நம்ப மாட்டார்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "இனி ஆட்ட நேரத்தை நான்தான் முடிவு செய்வேன், காரணத்தை உன்னிடம் நேரில் சொல்வேன்" என்று சொல்லிவிடுவதே நல்லது. புலம்பலைக் கேட்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் அவசியம் தேவை.

பொறுப்பை ஏற்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில: எதுவரை, எவற்றில் நான் முடிவெடுக்கலாம், சம்பளம் என்ன, வேறொருவர் வந்தால் என் இடம் என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கல்லூரிக் கூடைப்பந்தில் புதிய தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் தன் ஆட்களோடுதான் வருவார். தற்காலிகமாக இருந்தவருக்குப் பழைய உதவியாளர் வேலைகூட மிஞ்சாது. லூயிவில்லில் 2017 செப்டம்பர் இறுதியில் தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ விலக்கப்பட்டபோது, சீசனுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 32 வயது டேவிட் பேட்ஜெட் பொறுப்பேற்றார். 22 வெற்றி, 14 தோல்வி. நொறுங்கிக் கிடந்த இடத்தில் அது கௌரவமான கணக்கு. ஆனாலும் வேலை கிறிஸ் மேக்குக்குப் போனது. அந்தப் பெரிய பெயரும் நான்காவது சீசனை முடிக்கவில்லை என்பதை வெளியே தேடச் சொல்லும் ரசிகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்டீவ் ஃபிஷர் கதை எல்லாருக்கும் தெரியும் என்பார்கள், பாதிதான் தெரியும். 1989இல் மிச்சிகன் தலைமைப் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போவதாகச் சொன்னதும், அங்கே விளையாட்டு இயக்குநராக இருந்த போ ஷெம்பெக்லர் அவரைத் தேசியப் போட்டிக்கு முன்பே அனுப்பிவிட்டு உதவியாளர் ஃபிஷரிடம் அணியைக் கொடுத்தார். ஆறு ஆட்டம், ஆறு வெற்றி, சாம்பியன். அதற்குப் பின் யார் மறுப்பார்கள்? ஆனால் அந்த நியமனம் சரிதான் என்று காட்டியது 1991. ஃபிஷர் ஒரே ஆண்டில் சேர்த்த ஐந்து முதலாண்டு மாணவர்கள் தொடர்ந்து இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிற்பாடு ஒரு பண விவகாரத்தில் அந்தச் சாதனைகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன என்பதும் உண்மை. ஆனாலும் ஆள் சேர்க்கும் திறனை அவர் தனியாகக் காட்டினார்.

இன்று அந்தத் திறனை உடனே காட்டியாக வேண்டும். 2021க்குப் பிறகு வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறி ஆடலாம். விளம்பர வருமானமும் வாங்கலாம். பயிற்சியாளர் மாறினால் பாதி அணி கிளம்பிவிடும். எனவே நேர்காணலுக்குப் போகும்போது ஜெயித்த ஆட்டங்களின் பட்டியலை விட்டுவிடுங்கள். அதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு யார் இருப்பார்கள், யார் போவார்கள், அந்த இடத்துக்கு யாரிடம் பேசியிருக்கிறீர்கள், யாரை உதவியாளராக வைப்பீர்கள், பணத்தை எப்படிப் பிரிப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வீரர்கள் ஊடகத்தின் முன் "எங்களுக்கு இவர்தான் வேண்டும்" என்று சொல்வது இனிக்கும். முன்னவரின் காலி நாற்காலியைப் பார்த்து வரும் பாசமும் அதில் கலந்திருக்கும். அதை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. மிச்சிகனைவிட்டு வந்த ஃபிஷர் 1999 முதல் சான் டியேகோ ஸ்டேட்டில் இருந்தார். அவருக்குப் பின் உதவியாளர் பிரையன் டட்சர்தான் என்பதை 2011இலேயே கல்லூரி முடிவு செய்துவிட்டது. 2017இல் ஃபிஷர் ஓய்வு பெற்றபோது தற்காலிகம், தேடல் எதற்கும் இடமில்லாமல் டட்சர் வந்தார். 2023இல் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். உங்கள் மேலதிகாரிக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கிறதென்றால், இரண்டாமிடத்தில் இருக்கும் நீங்களும் அடுத்தவர் யார் என்ற பேச்சை இந்த ஆண்டே அவரிடம் எடுக்கலாம்.