சேற்றுழவில் டிராக்டரின் மின்பாகங்களைப் பாதுகாக்கும் முறைகள்

நடவுப் பருவத்தில் டிராக்டர் இரண்டு நாட்கள் நின்றுவிட்டால் நாற்றின் வயது கூடிவிடுகிறது. முறைத் தண்ணீரும் கைவிட்டுப் போகிறது. செல்ப் எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை, பாட்டரி இறங்கிவிடுகிறது என்ற குறைகள் சேற்றுழவு முடிந்த சில வாரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். பல சமயங்களில் பாகம் கெட்டிருக்காது. அதற்குச் செல்லும் கம்பியின் இணைப்பில் புகுந்த சேற்று நீரே காரணமாக இருக்கும். இதை உழவர்கள் தாமே, அதிகச் செலவின்றித் தடுத்துக்கொள்ளலாம்.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகையால் பழைய டிராக்டர்களில் மின்கம்பிகள் நனைந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் எளிதில் நிற்பதில்லை. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நிலைமை மாறியுள்ளது. இத்தகைய புதிய டிராக்டர்கள் பலவற்றில் டீசலைப் பீய்ச்சும் அளவையும் நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியே முடிவு செய்கிறது. ஒரு சென்சாரின் இணைப்பில் நீர் புகுந்தாலும் இழுவை குறையலாம். என்ஜின் நின்றும் போகலாம்.

நீர் கெடுக்கும் விதம்

வயல் நீரில் உப்பும் உரமும் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். இணைப்பில் இந்நீர் தங்கினால் மின்சாரம் சிறிது சிறிதாகக் கசிந்து, செம்பை அரித்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். நீர் வற்றினாலும் உப்பும் களிமண்ணும் உள்ளேயே தங்கிவிடும். மறுபடி ஈரம் பட்டதும் அரிப்பு தொடரும். நனைந்த அன்று ஒழுங்காக வேலை செய்த டிராக்டர் ஒரு மாதம் கழித்துத் தகராறு செய்வது இதனால்தான்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓடிச் சூடான விளக்கு, சென்சார், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அவற்றின் மீது திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால் காற்று சுருங்கி, ரப்பர் இடுக்கு வழியாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

உழவுக்கு முன் செய்ய வேண்டியவை

1. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். முனைகளில் வெள்ளை அல்லது நீலப் பூப்பு இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். இந்நீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. துடைத்து, முனைகளை இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசியாக வர வேண்டும்.

2. எர்த் கம்பி சேஸியுடன் சேரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, போல்ட்டை இறுக்குங்கள். மின் தகராறுகள் பல இந்த ஓர் இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

3. இணைப்புகளைப் பிரித்து, உலர்த்தி, ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிலிக்கான் கிரீசைச் சிறிதளவு ரப்பரில் தடவி மூடுங்கள். சக்கரத்துக்கு வைக்கும் கிரீஸ் சிலவகை ரப்பரை உப்பச் செய்யுமாதலால் அதைத் தவிர்க்க வேண்டும்.

4. வெட்டி ஒட்டுப்போட்ட கம்பிகளில் சாதாரண டேப் மட்டும் சுற்றினால் அதனுள்ளேயே நீர் தங்கும். உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு மூடுவது நல்லது.

5. விளக்குக்கோ பெட்டிக்கோ செல்லும் கம்பி, நுழையும் துளைக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். கம்பி வழியே வரும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

6. வைக்கோல் அருகே நிறுத்தும் டிராக்டரில் எலி கடித்த கம்பிகள் உண்டா என்று பாருங்கள். உறை போன இடமே நீர் புகும் வாசல்.

உழவின் போது

செல்ப் மோட்டார் தாழ்வான இடத்தில் இருப்பதால் சேறு அதைத்தான் முதலில் எட்டும். கேஜ் வீல் சேற்றை மேலே வாரி அடிக்கும். ஆகவே மட்கார்டையும் தடுப்புத் தகடுகளையும் கழற்றிவிட்டு உழக் கூடாது. வாய்க்காலைக் கடக்கும்போது ஆழத்தை முதலில் கோலால் அளந்து, மெதுவாகச் செல்லுங்கள். விசிறியில் நீர் பட்டால் அது ஆல்டர்னேட்டர் முழுவதும் தெளிக்கும். கையேட்டில் குறிப்பிட்ட ஆழத்தை மீற வேண்டாம்.

கழுவும் முறை

உழவு முடிந்து வந்தவுடன், என்ஜின் ஆறியபின், சேறு காய்ந்து இறுகுவதற்குள் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோரப் பகுதிகளில் உவர் நீரில் உழுதிருந்தால் இது மிகவும் அவசியம். பம்பின் விசை நீரை ஆல்டர்னேட்டர், செல்ப் மோட்டார், பியூஸ் பெட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டி, இணைப்புகள் ஆகியவற்றின் மீது நேராகப் பாய்ச்சக் கூடாது. அங்கெல்லாம் ஈரத்துணியும் தூரிகையும் போதும்.

கசிவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சாவியையும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். அந்தக் கம்பிக்கும் எதிர்முனைக்கும் இடையில் 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றை இணையுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அடிக்கடி போகும் பியூசுக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டுவது தீ விபத்தில் முடியும்.

வெள்ளத்தில் மூழ்கினால்

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்தது போன்ற பெருமழையில் டிராக்டர் மூழ்கிவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்ப வேண்டாம். நனைந்த பாகங்களில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பும் குறுக்கு இணைப்பும் ஏற்படும். சிலிண்டரில் நீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறு செலவில் தீர வேண்டியது என்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் நீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பிறகு நல்ல நீரால் சேற்றைக் கழுவி, இணைப்புகளைப் பிரித்து நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். என்ஜின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. காற்று வடிகட்டி, டீசல் டேங்க், கியர் ஆயில் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியை நீங்களே திறக்காமல் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

உழவர் பெருமக்களே! உழவுக்கு முன் அரை நாள் செலவிட்டு இணைப்புகளைச் சரிபார்த்து, உழவுக்குப் பின் நல்ல நீரால் கழுவி, நீரில் மூழ்கிய டிராக்டரில் சாவியைத் தொடாதிருந்தால், பருவத்தில் வேலை தடைபடாமல் நடவை உரிய காலத்தில் முடித்துப் பயன் பெறலாம்.