நவாபின் கடனும் அதில் விளைந்த கோடீசுவரர்களும்

உலகப் பெரும் பணக்காரர்களின் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது. யாரிடம் எத்தனை கோடி இருக்கிறது என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மறுமையில் பொருளைப் பற்றி மனிதனிடம் கேட்கப்படுவதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த கேள்விகள் இரண்டு: எந்த வழியில் ஈட்டினாய், எந்த வழியில் செலவிட்டாய் என்பவை அவை. இரண்டாவது கேள்வியைப் பற்றி நம் பயான்களில் நிறையவே பேசுகிறோம். ஸகாத், ஸதகா, வக்ஃப் எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. முதல் கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. இந்த மாதப் பாடத்தில் அதை எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் செல்வத்தை வெறுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் அவர்களைப் பெரும் செல்வராக்கியது. அது ஒரு வழி. வேறொரு வழியும் உண்டு. அதைப் பார்க்க மதீனா வரை போக வேண்டாம், நம் திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் தொடங்கலாம்.

1749ல் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாபு அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் வந்து அடைக்கலமானார். நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார். முஹம்மது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணை நின்றது. 1752ல் பிரெஞ்சுப் படை காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கி, ஜூன் மாதம் சரணடைந்தது. சந்தா சாஹிபும் கொல்லப்பட்டார். இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. போர் முடிந்ததும் செலவுக் கணக்கு நவாபின் கைக்கு வந்த கதை அதில் இல்லை.

பட்டாளம் கொடுத்த கம்பெனி பணம் கேட்டது. நவாபிடம் பணம் இல்லை. அப்போது சென்னைக் கோட்டையில் கம்பெனிக்கு வேலை பார்த்த ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தார்கள். இளநிலை எழுத்தருக்கு அன்று கம்பெனி கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. அவர்களுக்கு லட்சக்கணக்கில் கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது? பல பத்திரங்களில் பணமே கைமாறவில்லை. காரியம் சாதித்துக்கொடுத்ததற்கான லஞ்சம் கடனாக எழுதப்பட்டது. பழைய வட்டி அசலோடு சேர்ந்து புதுப் பத்திரமாக மாறியது. வட்டியோ ஆண்டுக்கு 20 விழுக்காடு, சில நேரம் அதற்கும் மேல்.

கடனுக்கு ஈடாக நவாபு எழுதிக்கொடுத்தது தம் அரண்மனையை அல்ல. இன்னின்ன சீமையின் நிலவரி இன்னாருக்கு என்று எழுதிக்கொடுத்தார். வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் களத்துமேட்டிலேயே நெல்லை மடக்கினார்கள். அந்த வரி கடன்காரனுக்குப் போனதால் கம்பெனிக்குக் கட்டப் பணம் இல்லை. அதைக் கட்ட மறுபடியும் கடன். குழுக் கடனை அடைக்கத் தண்டல், தண்டலை அடைக்க நகைக் கடன் என்று சுற்றும் நம் தெருக் குடும்பங்களுக்கு இந்தச் சக்கரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதில் பெயர் பெற்றவர் பால் பென்ஃபீல்டு. 1764ல் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தவர். 1773ல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சாவூரைக் கைப்பற்றினார். 1776ல் ஆளுநர் பிகாட் தஞ்சையை அதன் அரசருக்கே திருப்பிக் கொடுத்தபோது, அந்த நாட்டு வரியிலும் விளைச்சலிலும் தமக்கு 2,34,000 பவுண்டு வரவேண்டும் என்று பென்ஃபீல்டு கோரிக்கை வைத்தார். சில நூறு பவுண்டு சம்பளக்காரரின் கோரிக்கை இது! பிகாட் அதை ஏற்க மறுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆளுநரையே அவருடைய ஆலோசனை சபையினர் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். வட்டிப் பணம் அரசையும் விலைக்கு வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டியதில்லை.

இந்தச் செல்வர்கள் இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற இடங்களையும் வாங்கினார்கள். 1784ல் லண்டன் அதிகாரிகள் இந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல் அடைக்க உத்தரவிட்டார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதுவும் கர்நாடகச் சீமையின் வரியிலிருந்து. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து நீண்ட உரை நிகழ்த்தினார், பயன் இல்லை. 1801ல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. பிறகு 1805ல் அமைத்த விசாரணைக் குழு இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரங்களைச் சரிபார்த்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கும் மேல். உண்மையென்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பென்ஃபீல்டு 1810ல் பாரிசில் வறுமையில் இறந்தார். அதைத் தண்டனை என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் ஏழையானதால் தஞ்சை உழவனுக்கு ஒரு மரக்கால் நெல்லாவது திரும்பி வந்ததா என்று நாம் கேட்கிறோம்.

வெள்ளைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் பாடம் பாதிதான். கையெழுத்துப் போட்டவர் நம் நவாபு. 1768ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும், பள்ளிகளுக்கும் தர்காக்களுக்கும் வாரி வழங்கியவரும் அவர்தான். அவருடைய கப்ரும் திருச்சி மண்ணில்தான் இருக்கிறது. அவருக்காக துஆ செய்கிறோம். ஆயினும் வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர்கள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் வைத்துச் சபித்ததாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் வருகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டியவர் கடனே வாங்காத உழவர். இதில் எந்த தானத்தை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

இந்தப் பாடத்தை எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற ரமலானில் நம் அறக்கட்டளைக்கு ஒருவர் பெருந்தொகை கொண்டுவந்தார். நம் பகுதியில் வட்டிக்கு விடுபவர். அதை விட்டுவிட்டு தவ்பா செய்ய விரும்புவதாகவும், சேர்ந்த வட்டியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். அப்போது விதவைகள் உதவித்தொகைக்கு நம்மிடம் இருப்பு மிகக் குறைவு. வாங்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் வாதிட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலிம்களைக் கேட்டோம். யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் அது அவர்களுடைய ஹக்கு, அவர்களிடமே திரும்ப வேண்டும், உரியவர் யாரென்றே தெரியாத பணத்தைத்தான் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து ஒதுக்கலாம் என்றார்கள். அவரிடம் கணக்கு நோட்டு இருந்தது. நோட்டில் பெயர்கள் இருந்தன. அவற்றில் நம் உதவித்தொகைப் பட்டியலில் உள்ள விதவைகளும் இருந்தார்கள்!

பணத்தை நாம் வாங்கவில்லை. கசந்த முடிவுதான், அந்த மாத உதவித்தொகை இரண்டு வாரம் தாமதமானது. அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கொடுத்து வருகிறார். நம் குழுவிலிருந்து ஒருவர் அவர் கேட்டுக்கொண்டதால் உடன் போகிறார். வீடு மாறிப் போனவர்களைத் தேடுவதில்தான் சிரமம்.

அறுதி ஹஜ் உரையில் வட்டி அனைத்தையும் ரத்து செய்த நபி (ஸல்) அவர்கள், முதலில் ரத்து செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியதை. வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். நாமும் நம் மஹல்லாவிலிருந்து தொடங்க, வட்டியில்லாக் கடனுக்கென்று தனி நிதி ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறோம். இப்போதைக்குச் சிறிய நிதிதான். கடன் சக்கரத்தில் சிக்கியவர்கள் பத்திரம், அட்டை, நோட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். அல்-பகரா 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்வதால், எவ்வளவு சிறிய தொகையானாலும் இரண்டு சாட்சிகளோடு எழுதித்தான் கொடுப்போம். தவணை தவறினால் அபராதம் இல்லை. முன்கூட்டி வந்து காரணம் சொன்னால் போதும்.