பிரீஆம்ப் இணைப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரீஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ஃபோனோ, சி.டி., டியூனர், ஆக்ஸ், டேப் என்று ஜோடி ஜோடியாக சாக்கெட்டுகள் இருக்கும். பெயர்தான் வேறு, எல்லாவற்றிலும் நுழைவது ஒரே ஆர்.சி.ஏ. பின். இணைப்பு குறித்த தவறான நம்பிக்கைகளில் பாதி இந்த ஒற்றுமையால் வந்தவை.

"பின் நுழைந்தால் போதும், எதையும் எதிலும் செருகலாம்."

சி.டி., டியூனர், ஆக்ஸ் ஆகியவற்றுக்கு இது ஏறக்குறையச் சரி. மூன்றும் லைன் மட்ட உள்ளீடுகள். டியூனரை ஆக்ஸில் செருகினாலும் ஒன்றும் கெடாது. ஃபோனோ மட்டும் வேறு ரகம். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தரும். அதாவது 400 மடங்கு. அளவு மட்டுமல்ல, ஒலியின் சாயலும் வேறு. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்வார்கள். 1950களில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அதற்கான கணக்கு. ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாக்கி, 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்த்தி, 20 கிலோஹெர்ட்ஸை அதே அளவு தாழ்த்தும். அதனால் டர்ன்டேபிளை ஆக்ஸில் செருகினால் வால்யூமை முழுக்கத் திருகினாலும் கீச்சென்று மெலிந்த ஒலிதான் வரும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். சி.டி. பிளேயரை ஃபோனோவில் செருகினால் எல்லாம் பிளந்து கரகரக்கும். ஃபோனோ பகுதி உள்ளேயே அமைந்த டர்ன்டேபிளில் ஃபோனோ/லைன் சுவிட்ச் இருக்கும். அதை லைனில் வைத்து ஃபோனோவில் செருகுவதும் இதே தவறுதான்.

"மின்மறுப்பு இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்."

தொலைபேசித் தடங்களின் 600 ஓம் காலத்து மிச்சம் இது. வீட்டு ஆடியோவில் நடப்பது நேர் எதிர்: கொடுக்கும் கருவியின் மின்மறுப்பு குறைவாகவும், வாங்கும் கருவியுடையது அதைப்போல் குறைந்தது 10 மடங்காகவும் இருக்க வேண்டும். 600 ஓம் வெளியீடுள்ள பிரீஆம்ப், 47 கிலோஓம் உள்ளீடுள்ள பவர் ஆம்ப்பைச் சிரமமின்றி ஓட்டும்.

"விலை உயர்ந்த கேபிள்தான் ஒலியைக் கொண்டுவரும்."

மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கொள்திறன் உள்ள சாதாரணக் கேபிளை அதே 600 ஓம் பிரீஆம்ப்பில் 5 மீட்டர் நீளத்துக்கு இழுத்தாலும், ஒலி குறையத் தொடங்குவது 500 கிலோஹெர்ட்ஸ் அருகில். காது கேட்பதோ 20 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆனால் மின்சாரமே இல்லாத பாசிவ் பிரீஆம்ப்பில் 100 கிலோஓம் வால்யூம் கட்டுப்பாடு இருந்தால், மோசமான நிலையில் வெளியீட்டு மின்மறுப்பு 25 கிலோஓம் ஆகிவிடும். அதே கேபிளில் எல்லை சுமார் 13 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். அங்கே உதவுவது குட்டையான கேபிள். டர்ன்டேபிளுக்கும் ஃபோனோவுக்கும் இடையிலும் நீளத்தைக் கவனிக்க வேண்டும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் உயர் ஒலிகள் கேபிளின் கொள்திறனைப் பொறுத்து மாறும். விலை உயர்ந்த கேபிள் பின்களின் தங்க முலாம் துருவைத் தடுக்கும். கடற்கரை ஊர்களில் அது சின்ன லாபமல்ல. ஒலியை இனிமையாக்கும் என்பது மட்டும் விற்பனைப் பேச்சு.

"இரைச்சல் வந்தால் எர்த் பின்னை எடுத்துவிடலாம்."

இது ஆபத்தான அறிவுரை. எர்த் இல்லாத கருவியில் மின்கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால், ஆர்.சி.ஏ. கேபிளின் உலோகக் கவசம் வழியாக இணைந்துள்ள மற்ற கருவிகளின் உலோகத்திலும் மின்சாரம் ஏறும். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்குக் காரணங்கள் சில்லறையானவை. டர்ன்டேபிளோடு வரும் மெல்லிய எர்த் கம்பி பிரீஆம்ப்பின் 'ஜி.என்.டி.' திருகில் மாட்டப்படாமல் தொங்கும். அல்லது இரு கருவிகள் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருக்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். டி.வி.யும் இணைந்திருந்தால் கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. உறுமல் நின்றால் குற்றவாளி அந்தக் கம்பி. அதன் வழியில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

"டேப் அவுட்டும் வெளியீடுதானே, பவர் ஆம்ப்பை அதில் மாட்டலாம்."

டேப் அவுட் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. அதில் பவர் ஆம்ப்பை மாட்டினால் முதல் நொடியிலேயே முழு ஒலி, ஸ்பீக்கர் தாங்காது. 'பிரீ அவுட்' என்ற ஜோடியே சரி.

"எதை முதலில் போட்டால் என்ன?"

பிரீஆம்ப் உயிர்பெறும்போது ஒரு மின்னதிர்வு வெளியே போகும். பவர் ஆம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது 'தடால்' என்று ஸ்பீக்கரில் இறங்கும். எனவே பவர் ஆம்ப்பைப் போடுவது கடைசியில், அணைப்பது முதலில். வால்வு பிரீஆம்ப் என்றால் வால்வுகள் சூடேறி நிலைக்கும்வரை காத்திருந்து பவர் ஆம்ப்பைப் போட வேண்டும்.