கவுண்டமணி – செந்தில் நடத்தும் இயற்பியல் வகுப்பு



பாலிடெக்னிக்கில் காலடி வைத்ததும் முதலாண்டிலேயே நம்மை மிரட்டுகிற பாடம் இயற்பியல். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு சாலவாக்கம், மானாம்பதி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு 'மொமென்ட்', 'இனர்ஷியா' என்று ஆசிரியர் ஆரம்பித்ததுமே தலை சுற்றும். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் கொட்டிவிட்டு, மறுநாளே மறந்துவிடுகிறோம். மார்க் போனால் அரியர் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குப் போய், ஒரு சாரத்துக்குக் கீழே நிற்கும்போது மறந்துபோன இயற்பியலுக்கு அரியர் கிடையாது.

மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. நூறு தடவை பார்த்தும் சலிக்காத காமெடிக் காட்சிகள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காட்சிகளிலேயே பாடத்தைக் கட்டி வைத்துவிட்டால் காட்சி மறந்தால்தானே பாடம் மறக்கும்? நான்கு படங்களைப் பார்ப்போம்.

பாடம் 1: தள்ளு... தள்ளு! (நிலைமம், உராய்வு)

கங்கை அமரன் இயக்கி 1989-ல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கரகாட்டக் கோஷ்டி தன் பழைய காரைத் தள்ளிக்கொண்டு போகும். கார் நகரும் வரைக்கும்தான் மூச்சு வாங்கும். நகர்ந்த பிறகு சொப்பன சுந்தரியைப் பற்றி விசாரித்துக்கொண்டே தள்ளலாம். ஏன்?

கணக்குப் போடுவோம். காரின் எடை 1500 கிலோ. சக்கரம் உருளுவதற்கு ஏற்படும் தடை, எடையில் சுமார் நூற்றுக்கு ஒன்றரை பங்கு என்று வைத்தால் 220 நியூட்டன். நாலு பேர் ஆளுக்கு 200 நியூட்டன் கொடுத்தால் மொத்தம் 800. தடை போக மிச்சம் 580. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி 580-ஐ 1500-ஆல் வகுத்தால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.39 மீட்டர். 5 வினாடி விடாமல் தள்ளினால் கார் மணிக்கு 7 கி.மீ. வேகத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் அதே வேகத்தில் வைத்திருக்க அந்த 220 நியூட்டன் மட்டும் போதும். அதாவது ஆளுக்கு ஐந்தரை கிலோ அழுத்தம். ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கப் பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும் என்கிற முதல் விதி இதுதான். பிரேக் இல்லாத காரை ஓடிப்போய் முன்னால் நின்று நிறுத்தப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் இதிலேயே இருக்கிறது.

பாடம் 2: மேண்டில் ஏன் உடைந்தது? (வெப்பம், பொருளின் தன்மை)

1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் ஆல் இன் ஆல் அழகுராஜா வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்கை யாரும் மறக்க முடியாது. இது எப்படி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே செந்தில் மேண்டிலைப் பிடித்து உடைத்து விடுவார். செந்தில் கேட்டது நியாயமான கேள்வி. அழகுராஜா திட்டியதால் பதில் நமக்குக் கிடைக்காமல் போயிற்று.

பதில் இதுதான். பம்ப் அடிக்கும்போது டேங்குக்குள் காற்றழுத்தம் ஏறுகிறது. அது மண்ணெண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகி, சிறு துளை வழியாக வேகமாகப் பாய்கிறது. பாயும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டு நீல நிறமாக எரிகிறது. நீலச் சுடருக்குச் சூடு அதிகம், வெளிச்சம் குறைவு. வெளிச்சம் தருவது மேண்டில். தோரியம், சீரியம் உப்புகளில் நனைத்த துணிவலை அது. முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய், அந்த உலோகங்களின் ஆக்சைடு மட்டும் வலை வடிவில் நிற்கும். சூடேறியதும் அது வெள்ளையாக ஜொலிக்கும்.

ஆஸ்திரிய நாட்டு வேதியியலார் ஔவர் வான் வெல்ஸ்பாக் 1885-ல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். தோரியம் கலந்த மோனசைட் மணல் நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடி வந்ததே மேண்டில் தயாரிப்பதற்காகத்தான்! தோரியத்துக்குக் கதிரியக்கம் உண்டு என்பதால் பிற்காலத்தில் பல மேண்டில்களில் இட்ரியம் வந்துவிட்டது.

சரி, தொட்டதும் ஏன் உடைந்தது? ஆக்சைடு, பீங்கான் இனம். அழுத்தினால் வளையாது, நொறுங்கும். மெக்கானிக்கல் நண்பர்களே, வார்ப்பிரும்புக்கும் மைல்டு ஸ்டீலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பை ஓங்கி அடித்தால் விரிசல் விடும். ஸ்டீல் வளைந்து முன்கூட்டியே எச்சரிக்கும்.

பாடம் 3: மலை விளிம்பில் வீடு (திருப்புத்திறன், புவியீர்ப்பு மையம்)

1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் கடைசியில் மலை உச்சியில் ஒரு வீடு அந்தரத்தில் ஆடும். உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கம் ஓடினால் வீடும் அந்தப் பக்கம் சாயும். 1925-லேயே சார்லி சாப்ளின் 'த கோல்ட் ரஷ்' படத்தில் இப்படி ஒரு வீட்டை ஆட்டிக் காட்டியிருக்கிறார். நம் படத்துக்கு வசனம் எழுதிய கிரேஸி மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர் என்பது நமக்குப் பெருமை.

வீட்டின் நீளம் 8 மீட்டர், எடை 2000 கிலோ என்று வையுங்கள். 3 மீட்டர் வெளியே தொங்குகிறது, 5 மீட்டர் பாறை மேல் இருக்கிறது. வீட்டின் நடுப்புள்ளி, பாறை விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே. ஆகவே வீட்டைப் பிடித்து வைக்கும் திருப்புத்திறன் 2000 × 1 = 2000. தொங்கும் முனையில் 65 கிலோ ஆட்கள் 10 பேர் நின்றால் 650 × 3 = 1950. வீடு தாங்கும். பதினோராவது ஆள் போய் நின்றால் 2145. அவ்வளவுதான், கவிழும்! எடை மட்டும் முக்கியமில்லை, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம்.

நம் உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயில் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். மூன்று தளம். கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். பாரம் அடியில் இருப்பதால் புவியீர்ப்பு மையம் தாழ்வாக இருக்கிறது. நம் ரோட்டில் கரும்பை மலைபோல ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் டிரெய்லருக்கு நிலைமை தலைகீழ். புவியீர்ப்பு மையம் மேலே ஏறிவிடுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மையத்திலிருந்து விழும் செங்குத்துக்கோடு சக்கரத்துக்கு வெளியே போய்விடும். அப்படிப்பட்ட வண்டியை சைக்கிளில் உரசிக்கொண்டு போகாதீர்கள்.

பாடம் 4: காண்ட்ராக்டர் நேசமணி (நிலையாற்றல், விசை)

சித்திக் இயக்கிய 'ப்ரெண்ட்ஸ்' 2001-ல் வந்தது. மேலேயிருந்து சுத்தியல் விழுந்து வடிவேலுவின் தலையைப் பதம் பார்க்கும். 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்தனை பண்ணச் சொல்லி இணையத்தில் உலகமே சிரித்தது.

1 கிலோ சுத்தியல், 3 மீட்டர் உயரம். நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 1 × 9.8 × 3 = 29.4 ஜூல். தலையைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கி.மீ.க்கு மேல். விழ எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் கூட. "டேய், பார்த்துடா!" என்று கத்தி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்த 29.4 ஜூலும் எவ்வளவு தூரத்தில் தீர்கிறது? வெறும் தலையில் 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை 29.4 ÷ 0.005 = 5880 நியூட்டன். தலையில் 600 கிலோ வைத்த மாதிரி! ஹெல்மெட் போட்டிருந்து, உள்ளே இருக்கும் பட்டைகள் இழுபட்டு 30 மில்லிமீட்டரில் நின்றால் 980 நியூட்டன்தான். ஆறில் ஒரு பங்கு. ஹெல்மெட்டுக்குள் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. உள்பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது தொப்பி போட்ட மாதிரிதான்.

இங்கேதான் சினிமா நம்மை ஏமாற்றுகிறது. படத்தில் அடிபட்டவர் அடுத்த காட்சியில் எழுந்து வருவார். சைட்டில் அப்படி எழுந்து வருவார் என்று சொல்ல முடியாது. சிவில் நண்பர்களே, பயிற்சிக்குப் போகும் முதல் நாளே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள். கேலி பண்ணினால் நேசமணி கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வீட்டுப் பாடம்

1. அதே சுத்தியல் 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் நாலு மடங்கு ஆகுமா, இரண்டு மடங்கு ஆகுமா?

2. சுத்தியலின் கொண்டிப் பக்கத்தால் ஆணி பிடுங்குகிறோம். கைப்பிடி 30 செ.மீ., கொண்டி 3 செ.மீ. 20 கிலோ விசை கொடுத்தால் ஆணிக்கு எவ்வளவு கிடைக்கும்?

3. மலை விளிம்பு வீட்டில் பதினோரு பேரும் முனைக்குப் போகாமல் 2 மீட்டரிலேயே நின்றுவிட்டால் வீடு தப்புமா?

விடையை ஆசிரியரிடம் காட்டுங்கள். காட்டும்போது எந்தப் படத்தில் வந்த கணக்கு என்றும் சொல்லுங்கள், அவரும் சிரிப்பார். நாமும் சிரித்துக்கொண்டே படிப்போம், பாஸ் பண்ணுவோம், வேலைக்குப் போய் பத்திரமாக வீடு திரும்புவோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை