பூனைக்குத் தினமும் ஈரலா?

கேள்வி: ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. அறையில் பூனை வளர்க்கிறோம். கறிக்கடையில் கோழி ஈரல் மலிவு என்பதால் தினமும் அதையே வேகவைத்துப் போடுகிறோம். இப்போது வேறெதையும் தொடுவதில்லை. தொடரலாமா?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால், மிஞ்சியது சிறுநீரில் போகாமல் உடலிலேயே தங்கும். மாதக்கணக்கில் ஈரலே உணவானால் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். தலையைத் திருப்பி முதுகை நக்கிக்கொள்ள முடியாமல் பூனை திணறும். இறுகிய எலும்பு பழையபடி ஆகாது. போதாக்குறைக்கு ஈரலில் கால்சியமும் சொற்பம்.

வாரம் ஒருநாள், இரண்டு சிறு துண்டு போதும். கோழி இதயம் கிடைத்தால் விடாதீர்கள்; அதில் டாரின் என்ற சத்து நிறைய. டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளரும் என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வேகவைத்த நீரில் டாரின் இறங்கிவிடும். கொட்டாமல் ஆறவைத்து ஊற்றுங்கள். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

பட்டினி போட்டுத் திருத்த நினைக்காதீர்கள். சில நாள் பட்டினியே பூனையின் கல்லீரலைக் கெடுக்கும். கடையில் விற்கும் பூனை உணவோடு ஈரலைப் பிசைந்து, நாளுக்கு நாள் ஈரலைக் குறையுங்கள். கழுத்து இப்போதே விறைப்பாக இருந்தால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.