தரவுக்கு நதிமூலம் பார்க்க வேண்டும்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள். தரவு அந்தக் கணக்கில் சேராது. பல்லாண்டுகள் மழைக்கணக்கோடு புழங்கியவன் என்ற உரிமையில், இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. எண் பிறந்த நேரத்தை முதலில் கேளுங்கள். இந்திய வானிலைத் துறையின் மழைக்கணக்கில் நாள் என்பது நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8:30 மணிக்கு முடிகிறது. 2015 சென்னை வெள்ளத்தின்போது தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழை டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. அது முந்தைய நாள் காலை 8:30 முதல் பெய்த மழை. நள்ளிரவோடு நாளை முடிக்கும் ஏரி நீர்மட்டப் பட்டியலை இதோடு தேதிக்குத் தேதி ஒட்டினால், மழை வருவதற்கு முன்பே வெள்ளம் வந்துவிட்டதாகக் கணினி சொல்லும்.

2. எந்தக் கருவி என்று பாருங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நம் நாட்டு மழைமானிகளில் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ளதும் உண்டு, 100 உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக் குவளை. சின்ன மானியில் சேர்ந்த தண்ணீரைப் பெரிய மானியின் குவளையில் ஊற்றினால் 40 மி.மீ. மழை 20 என்று பதிவாகும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மழையில் பாதி காணாமல் போயிருக்கும். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

3. காலி இடம் வேறு, சுழியம் வேறு. ஒருமுறை ஓர் ஊரின் பட்டியலில் மூன்று மாதம் தொடர்ந்து சுழியம் இருந்தது. வறட்சி என்று அறிக்கை எழுதிவிட்டேன். பிறகு அங்கே போனபோது, மானி உடைந்து கிடந்ததையும் வெறுமையாக விட்ட கட்டங்களை யாரோ சுழியத்தால் நிரப்பியதையும் அறிந்தேன். அந்த ஊர் விவசாயி ஒருவர், “ஐயா, அந்த ஐப்பசியில எங்க கிணறு வழிஞ்சுதே” என்றார். அன்றிலிருந்து, அளந்தவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் நான் அறிக்கை எழுதியதில்லை.

4. நீண்ட தொடரில் திடீரென்று படி இறங்கினால், இயற்கையைச் சொல்வதற்கு முன் அளந்த கையைச் சந்தேகியுங்கள். 1945-இல் உலகக் கடற்பரப்பு வெப்பநிலை சடாரென்று குறைந்ததாகப் பதிவுகள் காட்டின. போர்க்காலத்தில் பெரும்பாலான அளவுகள் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. இயந்திரத்துக்கு இழுக்கும் தண்ணீரில் அவர்கள் அளந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அவர்கள் வாளியில் மொண்டு அளந்தார்கள், வாளித் தண்ணீர் காற்றுப் பட்டுக் குளிரும். கடல் அப்படிக் குளிரவில்லை. இதை விளக்கி ஆய்வுக் கட்டுரை வந்தது 2008-இல்தான்.

5. எக்செல்லை நம்பி மூலக் கோப்பைத் திறக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மனித மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றி மாற்றி, கடைசியில் மரபணுக்களுக்கே வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

6. ஒவ்வாத எண்ணை ஒதுக்குங்கள், அழிக்காதீர்கள். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் தரையிலிருந்து அளந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை 1985-இல் வெளியிட்டார்கள். அதே குறைவை நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் பார்த்திருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த அளவுகளுக்கு அதன் மென்பொருள் ‘சந்தேகம்’ என்று குறியிட்டு வைத்திருந்தது. குறியிட்டதே தவிர, அழிக்கவில்லை. அதனால்தான் பழைய பதிவுகளை எடுத்து, ஓசோன் ஓட்டை கண்டம் முழுவதும் பரவியிருப்பதைக் காட்ட முடிந்தது.

உங்களிடம் இருக்கும் மூலக் கோப்பை இன்றே ஒரு நகல் எடுத்து, யார், எங்கே, எதைக் கொண்டு அளந்தார் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.